விலை வீழ்ச்சியும் வினைப்பயனும்

1929-ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் பங்குச் சந்தையில் மூண்ட வீழ்ச்சி, சில ஆண்டுகளுக்குள் சென்னை மாகாணத்து நெல் விலையை ஏறக்குறையப் பாதியாக்கியபோது, நம் கிராமத்துத் திண்ணைகளில் அதற்குச் சொல்லப்பட்ட சமாதானம் தலைவிதி என்பதே. துன்பத்தைச் சகிப்பதற்குப் முன்வினைப் பயனே இப்பிறவியில் விளைகிறது என்னும் பிராரப்த சித்தாந்தம் தரும் பலத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயினும், யாருக்கு எவ்வளவு துன்பம் என்ற கணக்கு அதனால் விளங்குமா என்பது வேறு விஷயம்.

நெல் விலை இறங்கிற்றே தவிர, ரூபாயில் விதித்த கிஸ்தியும், பிராமிசரி நோட்டில் எழுதிய அசலும் வட்டியும் அதனோடு இறங்கவில்லை. முன்பு பத்து மூட்டை விற்றுக் கட்டிய தொகைக்கு இப்போது இருபது மூட்டை விற்கவேண்டியதாயிற்று. அதுவும் போதாமல், 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கப் பிரமாணத்தைக் கைவிட்டுத் தங்க விலை ஏறியதும், குடியானவர் வீட்டுப் பெண்களின் சங்கிலியும் தோடும் உருகிப் பாளங்களாகிப் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பலேறின. அதே காலத்தில் சர்க்கார் உத்தியோகஸ்தரோ, சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து வெட்டிவிட்டார்களே என்று புலம்பிக்கொண்டே பாதி விலைக்கு அரிசி வாங்கினார். (விதியைப் பற்றி விஸ்தாரமாகப் பேச அவருக்குத்தான் ஓய்வும் இருந்தது.) கடலுக்கு அப்பாலும் இதே கதைதான்: கீழ்ப்பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில், 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த, வட்டிக்குக் கடன் கொடுத்துவந்த செட்டியார்களின் நிலவுடைமை, கடன் திரும்பாமையால் 1938-இல் 25 பங்காயிற்று, வட்டியை விரும்பிய அவர்கள் நிலத்தை விரும்பவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

கர்மம் ஒவ்வோர் ஆத்மாவும் தனித்தனியே ஈட்டுவது என்றே நம் பெரியோர் கூறுவர். அப்படியாயின், ஒரு தாலுக்காவில் கடன்பட்டோர் அனைவரும் பூர்வஜன்மத்தில் ஒன்றுகூடி ஒரே பாவத்தைச் செய்தார்களா? நல்லவன், பொல்லாதவன் என்று பாராமல், கொடுக்கவேண்டியவன் யார், வாங்கவேண்டியவன் யார் என்று மட்டும் பார்த்துப் பங்கிடப்பட்ட துன்பத்தில் வினையின் கையைவிட மனிதர் எழுதிக்கொண்ட பத்திரத்தின் கையே எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

பிராரப்தம் அனுபவித்தே தீரவேண்டியது என்பார்கள். ஆனால் 1938-இல் ராஜாஜியின் மந்திரிசபை நிறைவேற்றிய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முன் பட்ட கடன்களில் நின்றிருந்த வட்டிப் பாக்கியை ஒரே பிரிவில் தீர்த்துவிட்டது. அதுவும் எல்லோருக்கும் அன்று: நிலத்தில் ஏதேனும் பாத்தியதை உள்ளவனையே அச்சட்டம் விவசாயி என்று ஏற்றது, முழங்கால் சேற்றில் நின்று நாற்று நட்ட, காணி நிலமும் இல்லாத பண்ணையாள் அதன் கணக்கில் விவசாயி அல்லன்.