கையும் கியரும்: செயல் எங்கே நடக்கிறது?

இன்றைய பாய்மரப் படகுகள் பலவற்றில் ஒரு சிறிய டீசல் எஞ்சினும் இருக்கிறது. காற்று விழுந்துவிட்டால் கரை சேரவும், நெருக்கமான துறைக்குள் நுழையவும் அதுதான் உதவும். எஞ்சின் பெரும்பாலும் படிக்கட்டுக்குக் கீழே அடைபட்டுக் கிடக்கும். அதை இயக்குபவரோ பின்பக்கம் சுக்கான் அருகில் நிற்பார். இடையிலுள்ள தூரத்தை இரண்டு கேபிள்கள் கடக்கின்றன. ஒன்று கியருக்கு, மற்றது எஞ்சினின் வேகத்தை ஆளும் த்ராட்டிலுக்கு. பல படகுகளில் இரண்டையும் ஒரே லீவர் ஆள்கிறது. லீவர் நிமிர்ந்து நின்றால் நியூட்ரல். முன்னே தள்ளினால் முதலில் முன்கியர் விழும்; இன்னும் தள்ளினால் எஞ்சினின் வேகம் கூடும். பின்னே இழுத்தால் இதே வரிசையில் படகு பின்னோக்கிப் போகும்.

லீவரைத் தள்ளியவர், படகைத் தாமே ஓட்டியதாகச் சொல்வார். அவர் நேரடியாக அசைத்தது ஒரு கைப்பிடியை மட்டுமே. அப்படியானால் செயல் நடந்தது கையிலா, கேபிளிலா, கியர்பாக்ஸிலா, தண்ணீரிலா? அதற்கு உரியவர் யார்? மெய்யியலில் நெடுங்காலமாக விவாதிக்கப்படும் இந்தக் கேள்விக்கு, கேபிள்களைச் சரிசெய்யும் முறை ஒரு தெளிவான கோணத்தைத் தருகிறது.

உறைக்குள் ஓடும் கம்பியால் விசையைக் கடத்தும் அமைப்புக்கு எர்னஸ்ட் பவ்டன் 1896இல் காப்புரிமை பெற்றார். சைக்கிள் பிரேக்கில் இருப்பது இந்த வகைதான். அது இழுக்க மட்டுமே செய்யும், திரும்பி வர ஒரு ஸ்பிரிங் வேண்டும். படகுகளில் உள்ள கேபிளின் உட்கம்பி விறைப்பானது. இழுக்கவும் செய்யும், தள்ளவும் செய்யும். இதன் இயக்கம் முழுவதும் ஒரு நிபந்தனையைச் சார்ந்தது: உள்ளே கம்பி நகர வேண்டுமானால் வெளியே உறை நகராமல் இருக்க வேண்டும். உறையைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்தால், லீவரின் அசைவில் ஒரு பகுதி உறையை நெளிப்பதிலேயே வீணாகும். கேபிள் அதிகம் வளைந்து சென்றால் உராய்வும் தொய்வும் கூடும். கையின் அசைவு குறையாமல் கியர்பாக்ஸைச் சென்று சேரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

அமெரிக்க மெய்யியலாளர் டொனால்டு டேவிட்சன் 1971இல் எழுதிய ஒரு கட்டுரையில் செயல் எங்கே நடக்கிறது என்ற கேள்விக்கு ஒரு விடை சொன்னார். மனிதர் அடிப்படையில் செய்வது தம் உடலை அசைப்பது மட்டுமே. அதற்குப் பின் நடப்பவை உலகின் வேலை. அந்த ஒரே அசைவைத்தான் அதன் விளைவுகளைக் கொண்டு பல பெயர்களில் விவரிக்கிறோம் என்பது அவர் வாதம். இதன்படி, லீவரைத் தள்ளியதும் படகை ஓட்டியதும் இரண்டு செயல்கள் அல்ல. ஒரே செயலின் இரண்டு விவரணைகள். செயல் கையோடு முடிகிறது, கேபிள் விளைவின் பக்கம் நிற்கிறது.

பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் வேறு விதமாகக் கணக்கிடுகிறது. எந்தச் செயலுக்கும் காரணம் ஐந்து: இடமாக அமையும் அதிஷ்டானம், செய்பவர், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். அதிஷ்டானம் உடலே என்பர் உரைகாரர்கள். தெய்வம் என்பதைப் புலன்களுக்கு அதிதேவதைகளான சூரியன் முதலியோர் எனச் சங்கரர் கொள்கிறார். உள்ளிருந்து இயக்கும் பரமாத்மா என இராமானுஜர் கொள்கிறார். உரை எதுவானாலும், தனியொரு ஆன்மாவே எல்லாம் செய்கிறது என்று எண்ணுவது தெளிவற்ற பார்வை என்பதே கீதையின் முடிவு. இந்தக் கணக்கில் கருவி விளைவின் பக்கம் இல்லை, காரணத்தின் பக்கம் இருக்கிறது. கேபிளையும் செயலுக்குள் சேர்த்தாக வேண்டும்.

இவ்விரண்டில் எது பொருத்தம் என்பதைக் கேபிளைச் சரிசெய்யும் வரிசை காட்டும். வேலை லீவரில் தொடங்குவதில்லை. எஞ்சின் முனையில் தொடங்குகிறது. எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகு, கியர்பாக்ஸிலிருந்து கேபிளின் முனை கழற்றப்படும். கியர்பாக்ஸின் சிறு லீவரைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து, உண்மையான நியூட்ரல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ப்ரொபெல்லர் தண்டு எட்டும் இடத்தில் இருந்தால் அதைக் கையால் சுழற்றிப் பார்க்கலாம். தடையின்றிச் சுழன்றால் அதுவே நியூட்ரல். பிறகு மேலே உள்ள லீவரை நியூட்ரலில் நிறுத்தி, கேபிளின் முனையில் உள்ள மரையைத் திருகி, இழுப்போ தள்ளலோ இல்லாமல் அது சிறு லீவரின் ஊசியில் தானாக விழும்படி நீளத்தைச் சரிசெய்து லாக் நட்டை இறுக்க வேண்டும். நியூட்ரலில் கேபிள் கியர்பாக்ஸின் சிறு லீவருக்குச் செங்குத்தாக நிற்பதும், இரு பக்கமும் சமமான நகர்வு கிடைப்பதும் அவசியம். நகர்வு ஒரு பக்கம் குறைந்தால் அந்தப் பக்கத்துக் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது. வழுக்கும், சூடேறும், தேயும்.

த்ராட்டிலுக்கும் இதே முறைதான். லீவர் நியூட்ரலில் இருக்கும்போது எஞ்சினில் உள்ள த்ராட்டில் கை, குறைந்த வேகத்துக்கான நிறுத்து திருகில் படிந்திருக்க வேண்டும். லீவரை முழுதாகத் தள்ளும்போது மறுகோடித் திருகை அது தொட வேண்டும். தொட்ட பிறகும் கேபிள் அதை அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது. ஐட்லிங் வேகத்தைத் திருத்த வேண்டுமானால் அதற்கென உள்ள திருகில்தான் கை வைக்க வேண்டும். கேபிளை இழுத்துப் பிடித்து வேகத்தைக் கூட்டுவது தவறு. கடைசியாக, படகைத் துறையில் நன்றாகக் கட்டிவைத்து, எஞ்சினை ஓட்டி, முன்னும் பின்னும் கியர் விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த வரிசையில் ஒரு திசைமாற்றம் இருக்கிறது. படகு ஓடும்போது கியர்பாக்ஸ் லீவரின் சொல்லைக் கேட்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பிழை கியர்பாக்ஸின் பக்கம். சரிசெய்யும்போதோ லீவர்தான் கியர்பாக்ஸின் நிலைக்குப் பணிய வேண்டும்; ஒத்துப்போகாவிட்டால் திருத்த வேண்டியது கேபிளை. மெய்யியலாளர் எலிசபெத் ஆன்ஸ்கம் 1957இல் வெளிவந்த தம் நூலில் இந்த வேறுபாட்டைத்தான் ஓர் உதாரணத்தால் விளக்கினார். ஒருவர் பட்டியலோடு கடைக்குப் போகிறார். துப்பறிவாளர் ஒருவர் பின்தொடர்ந்து அவர் வாங்குவதையெல்லாம் குறித்துக்கொள்கிறார். பட்டியலும் பையும் ஒத்துப்போகாவிட்டால் பிழை வாங்கியவருடையது. குறிப்பும் பையும் ஒத்துப்போகாவிட்டால் பிழை குறித்தவருடையது. முன்னது விருப்பத்தின் இயல்பு, பின்னது அறிவின் இயல்பு. இந்திய மெய்யியல் மரபான நியாய தரிசனம் இவ்விரண்டையும் வரிசைப்படுத்தியது. அறிவிலிருந்து விருப்பம், விருப்பத்திலிருந்து முயற்சி, முயற்சியிலிருந்து உடலின் அசைவு. கியர்பாக்ஸின் நியூட்ரலை முதலில் அறிந்து, பிறகே லீவருக்குக் கட்டளையிடும் தகுதியைக் கொடுப்பது இந்த வரிசையோடு ஒத்துப்போகிறது.

அறிவு ஒருமுறை கிடைத்தால் போதாது, தொடர்ந்து வந்துகொண்டிருக்க வேண்டும். மாலுமியைப் பற்றிய ஒரு பழைய கேள்வி இதைத் தெளிவாக்கும். உடலோடு உயிருக்குள்ள உறவு கப்பலோடு மாலுமிக்குள்ள உறவு போன்றதா என்ற கேள்வியை அரிஸ்டாட்டில் 'ஆன்மாவைப் பற்றி' என்ற நூலில் விடை சொல்லாமல் விட்டுச் சென்றார். 1641இல் பிரெஞ்சு மெய்யியலாளர் தெகார்த் இல்லை என்றார். கப்பல் பழுதானால் மாலுமி அதைக் கண்ணால் பார்த்து அறிகிறார். உடல் காயப்பட்டாலோ மனிதர் வலியை உணர்கிறார். ஆகவே மனம் உடலோடு கலந்திருக்கிறது என்பது அவர் வாதம்.

கேபிள் உள்ள படகில் தெகார்த் சொன்ன மாலுமி முழுதாகப் பொருந்துவதில்லை. கேபிள் கட்டளையைக் கீழே கொண்டுபோவதோடு, எதிர்ப்பை மேலேயும் கொண்டுவருகிறது. உறை விரிசல் விட்டுத் துரு ஏறினால் லீவர் கனக்கும். கியர் சரியாக விழாவிட்டால் உள்ளங்கை அதை அறியும். மின்னணுக் கட்டுப்பாட்டில் லீவர் அனுப்புவது சமிக்ஞை மட்டுமே. கியர்பாக்ஸின் எதிர்ப்பு நேராகக் கைக்கு வராது. பழுதை எச்சரிக்கை விளக்கோ ஒலியோதான் சொல்ல வேண்டும். மாலுமி கண்ணால் பார்த்து அறிபவராக மறுபடியும் மாறுகிறார்.

இனிப் பொறுப்பு. துறையை நெருங்கும் படகில் பின்கியர் போட்டும் விழாமல் படகு சுவரில் மோதினால், கை சரியாகத்தான் அசைந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. டேவிட்சன் வழியில் மோதியதும் அந்தக் கையசைவின் ஒரு விவரணையே. கீதையின் வழியில் கருவி செயலின் காரணங்களுள் ஒன்று. அதைக் கவனிக்காமல் விட்டவர் காரணத்தையே கவனிக்காமல் விட்டவர். எவ்வளவு கவனித்தும் அறுந்துபோகும் கேபிள் உண்டு. ஐந்தாவது காரணத்துக்கான இடம் அது. கனத்துப்போன லீவரை மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டு, அறுந்த அன்று தெய்வத்தின் மேல் பழிபோடுவது அந்த இடத்தில் சேராது. துருவேறிய கேபிளை எத்தனை முறை திருகிச் சரிசெய்தாலும் பயனில்லை, மாற்றியாக வேண்டும்.

ஆக, செயல் கையில் தொடங்குவதும் இல்லை, கையோடு முடிவதும் இல்லை. கட்டளை உண்மை நிலையோடு பொருந்துகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவைப்பது செயலின் முதல் பகுதி. அதைச் செய்யாமல் லீவரைத் தள்ளுபவர் படகை ஓட்டுவதில்லை, ஓடும் என்று நம்புகிறார்.