இன்று ஓடலாமா?

நாள்தோறும் விடியற்காலையில் எழுந்து மூன்று மைல் ஓடுவதென்று ஒருவர் தமக்குத் தாமே விதி செய்துகொள்கிறார். ஒரு நாள் கண் விழிக்கும்போதே உடம்பு கனக்கிறது. விதியைக் காப்பதா, உடம்பின் சொல்லைக் கேட்பதா? அற்பக் கேள்வி என்று தள்ளிவிட வேண்டாம், அன்பர்களே. பிறருக்குக் கொடுத்த வாக்கை மீறினால் கேட்பதற்கு ஆள் உண்டு. தனக்குத் தானே கொடுத்த வாக்கைத் தளர்த்தும்போதோ, வழக்காளியும் நீதிபதியும் ஒருவரே. ஆகவேதான் இதில் மனச்சாட்சிக்கு வேலை அதிகம்.

இங்கிலாந்து தேசத்து ரான் ஹில் 1970-ம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் பந்தயத்தில் முதலாவதாக வந்தவர். அவர் 1964 டிசம்பர் முதல் 2017 ஜனவரி வரை, 52 ஆண்டுகளுக்கு மேலாக, ஒரு நாளும் தவறாமல் ஓடினார். 1993-ல் காலில் அறுவைச் சிகிச்சை நடந்தபோதும் ஊன்றுகோல்களின் உதவியோடு அன்றன்றைய கணக்கைத் தீர்த்தார். 78-ம் வயதில், ஓடிக்கொண்டிருக்கையில் மார்பில் வலி கண்ட பிறகே நிறுத்தினார். இந்த உறுதியைக் கண்டு வியக்காதவர் யார்? ஆயினும் ஊன்றுகோலோடு போன அந்நாட்களில் விதி அவருக்கு ஊழியம் செய்ததா, அவர் விதிக்கு ஊழியம் செய்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது. ஒன்று கவனிக்கத்தக்கது: அவர் தமக்கு விதித்துக்கொண்டது நாளொன்றுக்குக் குறைந்தது ஒரு மைல் மட்டுமே. முடிந்த நாளில் பல மைல், முடியாத நாளில் ஒன்று. அவ்வளவு கண்டிப்பான விதியிலும் உடல் நிலைக்கு இடம் வைக்கப்பட்டிருந்தது.

சுவீடன் நாட்டுப் பயிற்சியாளர் கோஸ்டா ஹோல்மர் 1930-களில் வேறொரு வழி காட்டினார். அதற்கு 'ஃபார்ட்லெக்', அதாவது 'வேக விளையாட்டு' என்று பெயர். உடம்பு இடம் கொடுக்கும்போது விரைந்தும், களைக்கும்போது மெதுவாகவும் ஓடவேண்டியது. சோம்பேறிகளின் முறை என்று எண்ணிவிடலாகாது. மெய்யாகக் கடைப்பிடித்தால் மூச்சு வாங்கும். அதே நாட்டு உளநூல் அறிஞர் குன்னர் போர்க், உழைப்பவன் தன் சிரமத்தைத் தானே 6 முதல் 20 வரை எண்ணிட்டுச் சொல்லும் அளவுகோலை வகுத்தார். அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் இதயத் துடிப்பின் எண்ணிக்கைக்கு ஏறக்குறையச் சமமாகும் என்பது அவர் கணக்கு. ஆகவே உணர்ச்சி என்பது வெறும் மனப்பிராந்தியன்று. உடம்பின் நிலையை ஓரளவு உண்மையாகவே அறிவிக்கிறது.

ஆனால் அது உற்சாகமான நாளிலும் பேசுகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மூன்று மைலை ஆறாக்கினவரை யாரும் குறை சொல்லமாட்டார்கள். கெட்டிக்காரர் என்றே புகழ்வார்கள். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்களும் எலும்பும் பழக மாதக்கணக்காகும். உற்சாகத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

மனமில்லாமைக்கும் முடியாமைக்கும் உள்ள பேதத்தைப் படுக்கையில் கிடந்தபடி யோசித்துக் கண்டுபிடிப்பது கடினம். செருப்பை மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் மெதுவாக ஓடிப் பார்ப்பதே அனுபவசாலிகள் கைக்கொள்ளும் வழி. சோம்பலாயிருந்தால் பெரும்பாலும் அதற்குள் கலைந்துவிடும். கனம் ஏறிக்கொண்டே போனால் வீட்டுக்குத் திரும்பலாம், அதில் வெட்கமில்லை. காய்ச்சல் கண்டிருந்தால் இந்தச் சோதனையும் வேண்டாம். நோய்க்கிருமி இதயத் தசையைத் தாக்கக்கூடுமாதலால் மருத்துவர்கள் அன்று ஓட்டத்தையே விலக்குகிறார்கள். காய்ச்சல் விட்ட மறுநாளே பழைய மூன்று மைலுக்குப் பாய்வதையும் அவர்கள் விரும்புவதில்லை.