மயக்கப்பொருள்களும் அரச தண்டமும்



கள்ளையும் சாராயத்தையும் தவறணையிலே விற்க உத்தரவு கொடுக்கும் அரசாங்கம் கஞ்சாவையும் அவ்வாறு விற்க விடுதலால் வருங் குற்றம் யாது? ஒருவன் தன் இன்பத்தின்பொருட்டுத் தன் உடம்பினுள்ளே எதனைச் செலுத்தினும் அஃது அவனுக்கே உரிய காரியமன்றோ? என்றிவ்வாறு இந்நாளிலே மேல்வகுப்பு மாணாக்கர் வினாவுகின்றனர். உருகுவே 2013ஆம் ஆண்டிலும் கனடா 2018ஆம் ஆண்டிலும் கஞ்சாவைச் சட்டத்துக்கு உட்பட்ட பண்டமாக்கிய செய்தியை நமக்கு முன்னரே அவர்கள் கைத்தொலைபேசியில் வாசித்து விடுகின்றனர். "அது பாவம், பேசாதே" என்று வாயடைத்தல் ஆசிரியருக்கு அழகன்று. வகுப்பிலே அடக்கப்பட்ட வினா வேறோரிடத்தில் விடை தேடும். அவ்விடம் யாதென்பதை மாலை வேளையிலே சந்தி முனைகளை நோக்குவோர் அறிவர்.

இவ்வினாவினுள்ளே இரண்டு வினாக்கள் பின்னிக் கிடக்கின்றன. மயக்கப்பொருளை நுகர்தல் தகுமோ என்பது ஒன்று; நுகர்ந்தவனை அரசு ஒறுத்தல் தகுமோ என்பது மற்றொன்று. முன்னையதற்குத் தகாது என விடை கூறியவர், அவ்விடையே பின்னையதற்கும் போதும் என்று எண்ணிவிடுகின்றனர். அவ்வாறன்று என்பதே யாம் ஈண்டுக் கூறப் புகுந்தது.

முன்னைய வினாவிலே சைவராகிய நம்மைச் சிறப்பாக வருத்துவது ஒன்றுண்டு. கஞ்சாவுக்குச் சிவபெருமானையே சாட்சியாக இழுக்கின்றனர். அதற்குச் "சிவமூலி" என்று பெயருமிட்டனர். வடநாட்டிலே சிவராத்திரியன்று பாங்கு அருந்துவோர் பலர். இந்திய அரசாங்கத்தார் 1985ஆம் ஆண்டிலே இயற்றிய சட்டம் கஞ்சாவின் பூந்தலையையும் பிசினையும் விலக்கித் தனித்த இலையை விலக்காது விட்டமையால், காசி முதலிய ஊர்களிலே உத்தரவு பெற்ற பாங்குக்கடைகளும் உள. இவற்றைக் காட்டி, "உங்கள் தெய்வமே உண்ணும்போது எங்களுக்கு விலக்கு ஏது?" என்று கேட்கும் பிள்ளைக்கு யாது கூறுவோம்?

எருக்கும் ஊமத்தையும் பெருமான் திருமுடிக்கு உவந்த மலர்கள். அதுகொண்டு ஊமத்தங்காயைத் தின்பார் உளரோ? பெருமான் ஆலகால விடத்தை உண்டருளினார் என்பது உண்மை. தேவர்கள் உய்யும்பொருட்டு உண்டார். உண்டதனைக் கண்டத்திலே நிறுத்தினார். பிறர் பிழைக்கும்படி கஞ்சாப் புகைத்தான் ஒருவனை யாம் இதுகாறும் கேட்டிலம். திருமூலநாயனார் திருமந்திரத்து முதற்றந்திரத்திலே கள்ளுண்ணாமைக்குத் தனிப்பகுதி வகுத்தார். சிவானந்தத்தை நாடுவோனுக்குப் புறத்து மயக்கம் பகையாம் என்பதே அப்பகுதியின் கருத்து. நாவலர் பெருமானும் நான்காம் பாலபாடத்திலே கொலை, களவு முதலியவற்றோடு கள்ளுண்ணலையும் வைத்துக் கண்டித்தருளினார்.

"என் உடம்பு, என் சுதந்திரம்" என்பார்க்கு நம் சித்தாந்தம் கூறும் விடை இன்னும் ஆழமானது. ஆன்மா அநாதியே ஆணவ இருளில் அழுந்திக் கிடப்பது. அவ்விருளிலே சிறிதளவேனும் அறிவு விளங்கும்பொருட்டு இறைவன் மாயையினின்றும் தனு கரணங்களைத் தோற்றுவித்து உபகரித்தான். அவை இரவில் ஏற்றிய விளக்குப்போல்வன. கையிலிருந்த விளக்கைத் தானே ஊதியணைத்துவிட்டு, "நான் சுதந்திரம் பெற்றேன்" என்பவன் எதனினின்று விடுதலை பெற்றான்? சில திங்கள் கழிய அவன் புகைப்பதும் விடுவதும் அவன் விருப்பத்தில் இல்லை. ஹெரோயின், ஐஸ் என்பவற்றிலே இது கண்கூடு. கஞ்சாவிலே எல்லார்க்கும் இவ்வாறு நிகழ்வதில்லை என்பதனையும் மறையாது கூறல் வேண்டும். 1893ஆம் ஆண்டிலே ஆங்கிலேய அரசாங்கத்தார் இந்தியாவில் நியமித்த விசாரணைச்சபை 1193 சாட்சிகளை விசாரித்து, அளவாக நுகர்வோருக்குப் பெருந்தீங்கு காணப்படவில்லை, மிகையாக நுகர்வோருக்கே தீங்கு, ஆதலால் முற்றாக விலக்காது வரி விதித்தலே தக்கது என 1894ஆம் ஆண்டிலே அறிக்கை செய்தது. வரி வாங்கிய கையே அவ்வறிக்கையை எழுதுவித்தது என்று நாம் முறுவலிக்கலாம். ஆயினும் அச்சாட்சிகளைப் பொய்யர் என்று தள்ளிவிடல் நேர்மையன்று. ஒரு முறை புகைத்தவன் பித்தனாவான் என வகுப்பிலே கூறினால், புகைத்தும் பித்தனாகாத தோழனைக் கண்ட பிள்ளை நாம் கூறும் ஏனைய உண்மைகளையும் நம்பான்.

இனி இரண்டாம் வினா. திருவள்ளுவர் கள்ளாமையையும் கொல்லாமையையும் அறத்துப்பாலில் வைத்தார். கள்ளுண்ணாமையை மட்டும் பொருட்பாலிலே 93ஆம் அதிகாரமாக வைத்தார். கொலைஞரை அரசன் ஒறுத்தல் களை பறித்தற்கு ஒப்பாம் என்பதைச் செங்கோன்மையிலே கூறியவர், கள்ளுண்ணாமையின் பத்துக் குறளினும் அரசனை அழைத்தாரல்லர். ஆண்டு அவர் பேசுவன நாணிழத்தல், பெற்றதாய் வருந்துதல், ஊரார் நகுதல், நஞ்சுண்டார்க்கு ஒப்பாதல் என்பனவே. அறிவு மயங்கியவனுக்குக் காரணங்காட்டித் தெருட்டலும் வீண் என்றார். அதனால் தெருட்டவேண்டுங் காலம் மயங்குதற்கு முன் என்பது பெறப்படும். அக்காலம் பள்ளிக்கூடத்துக் காலமன்றோ? பொருட்பாலிலே நின்றும் கள்ளுண்பானுக்குத் தண்டம் வகுக்காமை, நாம் சிந்திக்கற்பாலதாம்.

நம் நாட்டு வரலாறு என் சொல்கின்றது? இலங்கையிலே முன்னர் அபின் கடைகள் உத்தரவுப்பத்திரம் பெற்று நடந்தன. 1910ஆம் ஆண்டுச் சட்டம் அக்கடைகளை மூடிற்று. பழகியவர்களை மறியற்சாலைக்கு அனுப்பாது, பெயர் பதிந்து அளவாக அபின் பெறச் செய்தது. விற்பவனுக்குக் கதவடைப்பும் பழகியவனுக்கு இரக்கமும் ஒரே சட்டத்தில் அமைந்த அவ்வொழுங்கு இன்றும் நினைக்கத்தக்கது. பின்னர் 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச்சட்டம் வந்தது. 1984ஆம் ஆண்டிலே அதனைத் திருத்தி, 2 கிராம் ஹெரோயின் கடத்துவோனுக்கு மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை என்றனர். 1976ஆம் ஆண்டின் பின்னர் இந்நாட்டில் ஒருவரேனும் தூக்கிலிடப்பட்டிலர். கயிறு சட்டப்புத்தகத்திலே தொங்கியபடி இருக்க, ஹெரோயினும் குறையவில்லை, அதற்குத் துணையாக ஐஸும் வந்து சேர்ந்தது. பாக்கு நீரிணையூடாகப் படகிலே வரும் கேரளக் கஞ்சாவோ வடகரையிலே பொதி பொதியாகப் பிடிபடுகின்றது. பிடிபடாதது எவ்வளவென்று யாரறிவார்! 2023ஆம் ஆண்டு டிசெம்பரிலே "யுக்திய" என்னும் பெயரோடு பொலிஸார் தொடங்கிய நடவடிக்கையிலே சில வாரங்களுள்ளே பல்லாயிரவர் கைதாயினர். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அதனை நிறுத்தி மீளாராயும்படி அடுத்த மாதமே கேட்டனர். வலையிலே நெத்தலியே அகப்படுகின்றது. சுறா வலையை அறுத்துப் போகின்றது. சிறு பொட்டலத்தோடு அகப்பட்ட இளைஞன் மறியற்சாலையிலே கற்றுவரும் கல்வி எத்தன்மையது என்பதை விரிக்கவேண்டுவதில்லை.

மேல்நாடுகளிலே போர்த்துக்கல் காட்டிய வழியை ஆசிரியர்கள் சரிவர அறிந்திருத்தல் வேண்டும். நல்லூர்க் கோயிலை 1621இல் இடித்தவர் நாட்டிலிருந்தோ பாடம் என்று வெகுள வேண்டா. நல்லதை யார்வாய்க் கேட்பினும் கொள்ளலாம். அந்நாட்டார் 2001ஆம் ஆண்டு யூலை முதலாக, பத்து நாளைக்குப் போதிய அளவுக்கு மேற்படாத மயக்கப்பொருளைத் தன் உபயோகத்துக்கு வைத்திருப்போனைக் குற்றவாளியாகக் கொள்வதை விட்டனர். அப்பொருள்களுக்கு அநுமதி கொடுத்தாரல்லர். விலக்கு விலக்காகவே நின்றது. அகப்பட்டவன் நீதவான்முன் நிறுத்தப்படாது, மூவர் கொண்ட ஒரு சபைமுன் வருகின்றான். சட்டமறிந்தாரும் வைத்தியம், மனநூல் முதலியன வல்லாரும் இருந்து, இவன் அடிமைப்பட்டவனா, எப்போதோ தொட்டவனா என ஆராய்ந்து, வைத்தியத்துக்கு அனுப்புவர், அல்லது எச்சரித்தோ சிறு தண்டம் இட்டோ விடுவர். விற்பவனுக்கு மறியல் முன்போலவே உண்டு. ஊசி வழியாகப் பரவும் எய்ட்ஸ் நோய்க் கிருமி அந்நாட்டிற் பெரிதும் குறைந்தது. பின்னர்ப் பணமுடையால் வைத்தியத்துக்குரிய செலவைச் சுருக்கியபோது தெருக்களிலே பழைய துன்பம் மீண்டும் தலைகாட்டிற்று என்பதும் அறியத்தக்கது.

இதனை அரைகுறையாகப் பின்பற்றியது அமெரிக்காவின் ஒரிகன் மாகாணம். 2020இல் வாக்கெடுத்து, 2021இல் தண்டத்தை நீக்கிற்று. வைத்திய நிலையங்கள் ஆயத்தமாகுமுன்னரே கதவு திறந்துவிட்டது. 2024இலே சட்டத்தை மீளத் திருப்பிற்று. பொலிஸாரை விலக்கிவிட்டு அவ்விடத்திலே ஒருவரையும் நிறுத்தாமையின் பயன் இது.

அங்ஙனமாயின் கனடாவைப்போலக் கடையே திறந்துவிடலாமே என்பர் சிலர். கள்ளக்கடத்தல் ஒழியும், அரசுக்கு வரியும் சேரும் என்பது அவர் வாதம். அமெரிக்கர் 1920 முதல் 1933 வரை மதுவை முற்றாக விலக்கிக் கள்ளச்சாராயக் கூட்டத்தாரைச் செல்வராக்கினர் என்று அவர் காட்டும் உதாரணமும் பொய்யன்று. ஆயினும் புகையிலையின் கதையை யாழ்ப்பாணத்தார்க்கு யார் கற்பிக்கவேண்டும்? நம் செம்மண்ணிலே விளைந்து திருவாங்கூருக்குக் கப்பலேறிய புகையிலை எத்தனை கல்வீடுகளைக் கட்டிற்று! சட்டம் அனுமதித்த அப்பண்டமே உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கு மேற்பட்டோரைக் கொல்லுகின்றது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டோர்க்கு அதனை விற்றலையும் விளம்பரஞ் செய்தலையும் தடுத்தது நன்று. அதற்கு முன் எத்தனை தலைமுறை இருமி மாண்டது? கடை ஒன்று திறக்கப்பட்டால், வாங்குவோனை நாளும் பெருக்குவதே கடைக்காரன் தொழிலாகும். வரி வாங்கப் பழகிய அரசும் அக்கடையை மூட மனங்கொள்ளாது. தவறணைகள் இதற்குச் சான்று. ஆதலால் விற்பனைக்கு அநுமதி வேண்டா என்பதும், நுகர்ந்தவனுக்கு மறியல் வேண்டா என்பதும் எம் துணிபு. பௌத்தரும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் வாழும் நாட்டிலே பஞ்சமாபாதகம் என்பதைக் காட்டிச் சட்டஞ் செய்விக்க நாம் கேட்கலாகாது. மேலே கூறிய நியாயங்கள் எச்சமயத்தார்க்கும் பொதுவானவை.

இதெல்லாம் பாராளுமன்றத்தார் காரியம், நமக்கென்ன என்று ஆசிரியர் இருத்தல் இயலாது. நம் கையிலும் ஒரு சிறு சட்டப்புத்தகம் உண்டு. சீவற்பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் பிசைந்த மாவாப் பொட்டலமோ, அதனினும் கொடியதோ ஒரு பிள்ளையின் சட்டைப்பையில் அகப்பட்டால் நாம் செய்வது யாது? பெற்றாரை அழைப்பித்து, எல்லார்முன்னும் இழிவுபடுத்தி, விடுகைப்பத்திரத்தைக் கையிலே கொடுத்து விடுகின்றோம். வித்தியாசாலையின் பெயர் காப்பாற்றப்பட்டது. பிள்ளையோ மறுநாட் காலையிலே அப்பொட்டலம் விற்றவனிடம் போய் நிற்கின்றான். அவனைத் தள்ளாத இடம் ஊரிலே அது ஒன்றே. யாம் கல்வி கற்றது ஒரு மிஷன் கல்லூரியிலே. அவர்கள் சமயம் நமக்கு உடன்பாடன்று. எனினும் வழிதவறிய மாணாக்கன் வீட்டுக்கு விடுதி ஆசிரியர் தாமே நடந்து சென்று திண்ணையிலே இருந்து பேசும் வழக்கம் அங்கே உண்டு. திருநீறு பூசிய ஆசிரியருக்கு அவ்வழி தெரியாததன்று. நேரமில்லை என்பதே நாம் கூறுஞ் சாட்டு.

வருகின்ற ஆசிரியர் கூட்டத்திலே இத்தீர்மானத்தை முன்வைக்க எண்ணுகின்றோம். மயக்கப்பொருளோடு முதன்முறை அகப்பட்ட மாணாக்கனைப் பெயர் வெட்டலாகாது. விற்றவன் யாரென்பதை ஆசிரியர் பெற்றாரோடு கூடி விசாரித்து அறிவித்தல் வேண்டும். மாணாக்கனை ஓர் ஆசிரியர் பொறுப்பிலே ஒப்புவித்து வைத்தியரிடங் கொண்டுபோதல் வேண்டும். வேறு பள்ளிக்கூடம் மாறவேண்டி வந்தாலும் விடுகைப்பத்திரத்தின் நடத்தை நிரலிலே கஞ்சா என்ற சொல்லை எழுதலாகாது. ஒரு பிள்ளையால் வகுப்பு முழுவதும் கெடும் என்று ஆட்சேபிப்போர் இருப்பர். அவ்வச்சம் பொருளற்றதன்று, சில கிழமைகள் அவனைத் தனியே இருத்திக் கற்பிக்கலாம். ஆனால் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்கு விண்ணப்பம் போகும் நாளிலே அவன் பெயரும் அந்நிரலிலே இருத்தல் வேண்டும்.