கைக்கு எட்டும் உண்மையும் எட்டாத உண்மையும்

சிறு பிள்ளைகளை அறிவியல் மையத்துக்கு அழைத்துப் போவது கல்வியைப் பற்றிய விஷயம், அதில் சமயத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். திண்டுக்கல்லில் அதை அப்படித் தள்ளிவிட முடியாது. அபிராமி அம்மன் கோயிலும் பேகம்பூர் பள்ளிவாசலும் புனித வளனார் பேராலயமும் ஒரே நகருக்குள் இருக்கின்றன. இங்கே பெரும்பாலான பிள்ளைகள் எழுத்தைக் கற்பதற்கு முன்பே வழிபடக் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளையை ஐந்தாறு வயதில், எதையும் தொட்டும் திருகியும் இழுத்தும் பார்க்கலாம் என்று சொல்லும் ஓர் இடத்தில் விட்டால், தொட்டதை மட்டுமே நம்பும் மனம் வளர்ந்துவிடாதா, கண்ணுக்குத் தெரியாத கடவுளை அது பிறகு எப்படி வணங்கும் என்ற கவலை பல பெற்றோருக்கு உண்டு. அது வெறும் பழமைவாதம் அல்ல, மதித்துப் பதில் சொல்ல வேண்டிய கவலை. என் பதில் இதுதான்: தொட்டுப் பார்க்கும் அறிவியல் மையம் பிள்ளைக்கு முதலில் கற்றுத் தருவது தன் கண்ணும் கையும் கருத்தும் தவறக்கூடும் என்பதை. அந்த அடக்கம் இல்லாமல் அறிவியலும் இல்லை, பக்தியும் இல்லை.

இந்த மையங்களில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்துத் 'தொடாதீர்கள்' என்று எழுதிவைக்கும் அருங்காட்சியகங்களுக்கு மாற்றாக, இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் எக்ஸ்புளோரட்டோரியத்தைத் தொடங்கினார். இந்தியாவில் 1978-இல் தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுமம் உருவானது. அதன்கீழ் 1987-இல் திருநெல்வேலியில் மாவட்ட அறிவியல் மையமும், பின்னர் கோயம்புத்தூரில் மண்டல அறிவியல் மையமும் வந்தன. திருச்சியில் அண்ணா அறிவியல் மையம் இருக்கிறது. இத்தகைய இடங்களில் பிள்ளை ஒரு கனமான குண்டையும் லேசான குண்டையும் ஒரே நீளக் கயிற்றில் கட்டி ஆட்டுகிறது. கனமானது வேகமாக ஆடும் என்று எதிர்பார்க்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் ஆடுகின்றன. பிள்ளை திகைத்து, மறுபடியும் ஆட்டிப் பார்க்கிறது. யாரும் அதட்டவில்லை, மதிப்பெண்ணும் குறையவில்லை. ஆனாலும் தான் நினைத்தது சரியில்லை என்பதை அது தானாகவே ஒப்புக்கொள்கிறது. பெரியவர்கள் பலருக்கு வாழ்நாள் முழுவதும் வாய்க்காத பழக்கம் இது.

பெற்றோர் அஞ்சும் மனநிலைக்கு நம் மரபில் உலகாயதம் என்று பெயர். புலன்களால் காண்பது மட்டுமே அறிவு, மற்றதெல்லாம் பொய் என்பது அந்தக் கொள்கை. மணிமேகலையில் சமயவாதிகள் தத்தம் கொள்கைகளை எடுத்துரைக்கும் காதையில் அளவைகள், அதாவது அறிவைப் பெறும் வழிகள், விரிவாகப் பேசப்படுகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சைவ நூலான சிவஞான சித்தியார் காட்சி, கருதல் (ஊகித்தறிதல்), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்னும் மூன்று அளவைகளை ஏற்று, காட்சி ஒன்றே போதும் என்போரை மறுக்கிறது. இந்த மறுப்பை ஓர் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது? நூலை விரித்து விளக்க முடியாது. அறிவியல் மையத்தில் அதற்கு நூலே தேவையில்லை. இரண்டு கோடுகளில் ஒன்று நீளமாகத் தெரிகிறது. அளவுகோலை வைத்தால் இரண்டும் சமம். குழிவாகச் செய்த முகம் புடைத்து நின்று நம்மையே பார்ப்பதுபோல் இருக்கிறது. சுழல் நாற்காலி நின்ற பிறகும் உலகம் சுற்றுகிறது. புலனை மட்டும் நம்பினால் ஏமாந்து போவாய் என்பதை அந்தப் புலனைக் கொண்டே காட்டும் இடம் இது. உலகாயதத்தை வளர்க்கும் இடம் என்று நாம் அஞ்சுகிற இடமே அதற்கு வலுவான மறுப்பாகவும் நிற்கிறது.

சோதித்துப் பார்க்க விரும்புவதையே குற்றமாகக் கருதலாமா என்பது அடுத்த கேள்வி. நற்செய்தியில் புனித தோமா காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்கிறார். இயேசு அவரை விலக்கவில்லை, தொட்டுப் பார்க்கும்படி அழைக்கிறார். காணாமல் நம்புவோர் பேறுபெற்றோர் என்று அதன்பின் சொல்கிறார் என்பதும் உண்மை. ஆனால் கேட்டவர் கைவிடப்படவில்லை. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் இப்ராஹீம் நபி, இறந்தோரை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டும்படி இறைவனிடம் கேட்கிறார். நம்பிக்கை இல்லாததால் கேட்கவில்லை, உள்ளம் அமைதி பெறக் கேட்கிறார். இறைவன் பறவைகளைக் கொண்டு அவருக்கு வழிகாட்டுகிறான். வள்ளுவரோ மெய்யான பொருளைக் காண்பதே அறிவு என்ற ஒரே முடிவை இரண்டு அதிகாரங்களில் வைக்கிறார். ஒன்று பொருட்பாலில் வரும் அறிவுடைமை, மற்றொன்று அறத்துப்பாலின் துறவறப் பகுதியில் வரும் மெய்யுணர்தல். சொன்னவர் யார் என்பதிலோ மேலுக்குத் தெரியும் தோற்றத்திலோ நின்றுவிடாதே என்ற அறிவுரை அரசனுக்கும் துறவிக்கும் பொது. அதைப் பிள்ளையிடம் மட்டும் மறைப்பதற்கு நியாயம் இல்லை.

பிள்ளைகளுக்கு அங்கே என்ன புரியப் போகிறது, பொத்தானை அழுத்திவிட்டு ஓடத்தானே செய்கிறார்கள் என்பார்கள். இதற்கு ஆய்வுகள் சொல்லும் பதில் பெரியவர்கள் பக்கமே திரும்புகிறது. எலிசபெத் போனவிட்ஸும் லாரா ஷுல்ஸும் மற்றவர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பல வேலைகள் செய்யும் ஒரு புதிய பொம்மையைச் சிறு பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். அதில் ஒன்றை மட்டும் பெரியவர் சொல்லிக்கொடுத்தபோது பிள்ளைகள் அதையே செய்துவிட்டு நிறுத்தினார்கள். சொல்லிக்கொடுக்காதபோது நெடுநேரம் துழாவி, மற்றவற்றையும் தாங்களே கண்டுபிடித்தார்கள். அதே சமயம், பெற்றோரின் விளக்கம் வேண்டிய இடங்களும் உண்டு. அங்கே ஓர் அநீதி நடக்கிறது. கலிபோர்னியாவில் ஓர் அருங்காட்சியகத்தில் கெவின் குரோலியின் குழு செய்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக விளக்கம் சொன்னது தெரியவந்தது. ஆகவே பெற்றோருக்கு இரண்டு கடமைகள்: முதலில் பேசாமல் நிற்பது, பேசும்போது மகளுக்கும் மகனுக்கும் ஒன்றுபோலப் பேசுவது. இரண்டும் அறத்தின் பாற்பட்டவை.

இப்படி வளரும் பிள்ளை பெரியவர் சொல்லையும் குரு வாக்கையும் மதிக்குமா என்பது இன்னும் வலுவான மறுப்பு. எல்லாவற்றையும் கையால் தொட்டுவிட முடியாது என்பதை ஒப்புக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். பூமி சுற்றுவதை எந்தக் கையும் தொட்டதில்லை. இதே மாவட்டத்தின் மலைமேல், 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். சமவெளியில் நிற்கும் நாம் அதை அவர் சொல்லால்தான் ஏற்கிறோம். சித்தியார் உரையையும் ஓர் அளவையாக ஏற்றது இதனால்தான். ஆனால் யாருடைய உரையை ஏற்பது? தன் தவறைத் தேடிப் பார்த்தவர், பிறரும் சரிபார்க்க இடம் கொடுத்தவர், பொய் சொல்லி ஆதாயம் தேடாதவர் ஆகியோரின் உரையை. சோதித்துப் பழகிய பிள்ளைக்கு இந்த வேறுபாடு தெரியும். அது நல்ல ஆசிரியரை முன்னைவிட ஆழமாக மதிக்கும், வித்தை காட்டிப் பணம் பறிப்பவரிடம் ஏமாறாது. உண்மையான குருவுக்கு இதனால் இழப்பு ஏதும் இல்லை.

இடியும் வானவில்லும் எப்படி வருகின்றன என்று தெரிந்துவிட்டால் கடவுளுக்கு இடமே இல்லாமல் போகும் என்ற அச்சத்துக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. நமக்குத் தெரியாத இடத்தில் மட்டும் கடவுளை வைத்தால், அறிவு வளர வளர அவர் சுருங்கத்தான் செய்வார். அது நம்பிக்கையின் பலவீனம், அறிவின் குற்றம் அல்ல. வெள்ளொளி பட்டகத்தில் பிரிவதைத் தன் கையால் கண்ட பிள்ளைக்கு வானவில் மேலும் வியப்புத் தரும். இத்தனை ஒழுங்கு ஏன் இருக்கிறது என்ற கேள்வி அதற்குப் பிறகும் மிஞ்சும். சமயம் தன் பதிலைச் சொல்ல வேண்டிய இடம் அந்தக் கேள்விதான்.

இத்தனை சொன்னாலும், இந்த மையங்கள் அருகில் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து திருச்சி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர், திருநெல்வேலியும் கோயம்புத்தூரும் அதைவிடத் தொலைவு. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அது ஒரு நாள் வருமானமும் பேருந்துச் செலவும். இந்தத் தடை உண்மையானது. ஆனால் தொட்டறியும் கல்விக்கு இந்த மண் புதிதல்ல. 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியபோது, கைத்தொழிலின் வழியே கற்பிக்கும் காந்தியின் ஆதாரக் கல்வி அதன் வேரில் இருந்தது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் உள்ளே இருக்கும் லீவர்கள் நெம்புகோல் பாடத்துக்குப் போதும். ஒரு பூட்டைத் திறந்து காட்டப் பட்டறைக்காரர் ஒருவர் மனம் வைத்தால் போதும். அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய, செய்து பார்த்துக் கற்கும் அறிவியல் திட்டமான வானவில் மன்றம் ஆறாம் வகுப்பிலிருந்துதான் பிள்ளைகளை எட்டுகிறது. அதற்குக் கீழே இருக்கும் சிறு பிள்ளைகளுக்கான இடம் காலியாக இருக்கிறது. அதை நிரப்பும் பொறுப்பைச் சமய நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்பது என் கோரிக்கை. பழனி தேவஸ்தானம் கல்லூரிகள் நடத்துகிறது, திருச்சபைகள் பள்ளிகள் நடத்துகின்றன, ஜமாஅத்துகளுக்கும் கல்வியில் அக்கறை உண்டு. இவை கூடி ஆண்டுக்கு ஒருமுறை ஏழைப் பிள்ளைகளைத் திருச்சிக்கு அழைத்துச் செல்லட்டும், ஊருக்குள்ளும் ஒரு கூடத்தைத் திறக்கட்டும். தன் பிள்ளைகளைக் கேட்கவும் சோதிக்கவும் தவறை ஒப்புக்கொள்ளவும் பழக்கும் சமயம், தான் போதிப்பது உண்மை என்று தானே நம்புவதை ஊரறியச் சொல்கிறது.