யார் கண்ணால் அனலைதீவு?

ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிப் போகவேண்டிய அனலைதீவில் நெடுங்காலமாக மின்சாரம் என்றால் டீசல் மின்பிறப்பாக்கிதான். அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு மூன்றுக்கும் காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுக்கும் திட்டத்தைச் சீனக் கூட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்க 2021 ஜனவரியில் இலங்கை அமைச்சரவை இசைந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு, கேள்விமனு கோரி எடுத்த முடிவு அது. இராமேசுவரத்துக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றரில் சீனர்களா என்று புதுடில்லி ஆட்சேபித்தது. மூன்றாந்தரப்பின் பாதுகாப்புக் கவலையால் வேலை இடைநிறுத்தப்படுவதாக டிசம்பரில் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் அதே திட்டத்துக்கு இந்தியாவோடு புரிந்துணர்வு உடன்படிக்கை. 2024 மார்ச்சில், ஏறத்தாழ 1.1 கோடி டொலர் இந்திய நன்கொடையில், பெங்களூர் நிறுவனத்தோடு ஒப்பந்தம்.

நாட்டை ஆள்பவர் உலகை அயலாரின் கண்ணால் பார்ப்பது பிழையா? அயலாரின் அச்சத்தைக் கேட்டறிவதில் பிழையில்லை; அதைக் கேட்க மறுப்பது வீரமும் ஆகாது. ஆனால் பாக்கு நீரிணையில் இந்தியாவுக்குள்ள கவலை 2021இல் முளைத்ததன்று. 1987இல் ஜெயவர்த்தனாவும் ராஜீவ் காந்தியும் மாற்றிக்கொண்ட கடிதங்களிலேயே, இந்திய நலனுக்குப் பாதகமாக இலங்கைத் துறைமுகங்களைப் பிற நாட்டுப் படைகள் பயன்படுத்தக்கூடாது என்ற பேச்சு உண்டு. இதை எடைபோட்டே அமைச்சரவை முடிவெடுத்தது என்றால், ஆட்சேபம் வந்ததும் முடிவு ஏன் ஆடியது? எடைபோடவில்லை என்றால், தன் கடலைப் பற்றியே அயலார் சொல்லித்தான் அறிந்திருக்கிறது. எப்படியானாலும் மூன்றாண்டுத் தாமதத்தைச் சுமந்தவர்கள் தீவு மக்கள்.

இதற்கு மாறான முன்மாதிரி இலங்கையிலேயே உண்டு. 1952இல் இருந்த பிரதமர் டட்லி சேனாநாயக்கவின் அரசு கம்யூனிசத்துக்கு எதிரானது. ஆயினும் அரிசி கிடைக்காமல், இறப்பர் விலையும் விழுந்த வேளையில், அமெரிக்காவின் எதிர்ப்பையும் மீறிச் சீனாவோடு இறப்பர்–அரிசி உடன்படிக்கை செய்தது. வாஷிங்டன் சொன்னதை அந்த அரசு கேட்காமல் இல்லை. தன் மக்களின் சோற்றுக் கணக்கை முன்வைத்தே தீர்மானித்தது. மதிக்கத்தக்க துணிவு அது.

கடைசியில் நன்கொடை கிடைத்ததே, நட்டம் என்ன என்று கேட்கலாம். நன்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இரு வல்லரசுகளின் போட்டியால் வந்த நன்மை, போட்டி தணிந்தால் நிற்குமா? தீவாருக்கு மின்சாரம் கொடுப்பது அவர்களை ஆளும் அரசின் கடன். திட்டம் ஏன் கைமாறியது என்பதை அவர்களிடம் தமிழில் விளக்கிச் சொல்வதும் அதே கடனில் அடங்கும். வெளிநாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்து அவர்கள் ஊகிக்க வேண்டிய காரணமல்ல அது.