எல்லை கடந்த குடும்பமும் உடன்வராத உரிமையும்: புனேவை முன்வைத்து ஓர் அறநோக்கு

முன்னுரை

ஒருவர் தம் ஊரைவிட்டு மற்றோர் ஊருக்குக் குடிபெயரும்போது அவருடன் மொழி செல்கிறது, வழிபாடு செல்கிறது, சாதியும் செல்கிறது. சாதியால் நேர்ந்த இழிவிற்கு ஈடாக அரசு வழங்கிய உரிமையும் உடன்செல்லுதல் வேண்டுமா என்பது ஆழ்ந்து எண்ணத்தக்க வினாவாகும். தமிழகத்திலிருந்து புனே நகரில் குடியேறிய பட்டியல் சாதிக் குடும்பங்களின் நிலையை முன்வைத்து, இவ்வினாவின் அறக்கூற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டநிலை

இந்திய ஆட்சிப்பரப்பெங்கும் தடையின்றிச் செல்லவும், எப்பகுதியிலும் உறையவும் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு குடிமக்களுக்கு உரிமை அளிக்கிறது. ஆனால் 341ஆம் பிரிவு, பட்டியல் சாதிகளை அந்தந்த மாநிலத்தைப் பொறுத்தே வரையறுக்கிறது. அப்பிரிவின்கீழ்க் குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்டு 10 அன்று பிறந்தது.

இவ்விரு பிரிவுகளும் மோதும் இடத்தை 1990ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு காட்டுகிறது. தந்தையின் பணி காரணமாக இளமையிலேயே பம்பாய்க்கு வந்து அங்கேயே பயின்ற ஆந்திரப் பழங்குடி மாணவர் ஒருவர், மகாராட்டிரத்தில் பழங்குடியினருக்குரிய மருத்துவக் கல்வி இடத்தைக் கோர இயலாது என அரசியலமைப்பு ஆயம் முடிவு செய்தது. மாநில இடஒதுக்கீட்டைப் பொறுத்தவரை இந்நிலைப்பாட்டையே 2018இல் மற்றோர் ஐவர் ஆயமும் உறுதி செய்தது.

இதன் விளைவைப் புனேவில் பிறந்து மராத்தி வழியில் பயிலும் தமிழ்க் குழந்தையின் நிலையில் வைத்துக் காணலாம். தந்தையின் தமிழகச் சான்றிதழைக் கொண்டு அக்குழந்தையும் சான்று பெறலாம். அது மைய அரசுப் பணிகளுக்குப் பயன்படும். மகாராட்டிர அரசின் இடங்களுக்குப் பயன்படாது. குடும்பத்தின் பூர்வீக ஊரைச் சார்ந்து ஒரு தகுதி நிற்கிறது. வளர்ந்த ஊரில் அத்தகுதி இல்லை.

மறுதரப்பின் வலிமை

இவ்விலக்கை வெறும் அயலார் வெறுப்பு என ஒதுக்குதல் பொருந்தாது. வேரூன்றாமல் வந்து பதவியைப் பெற்றுச் செல்வோரைத் தடுக்க உறைவிடத் தகுதி வேண்டும் என்று 1948இல் அரசியல் நிர்ணய சபையில் வாதிட்டவர் அம்பேத்கரே ஆவார். ஒரு மாநிலத்தின் ஒதுக்கீடு அளவுடையது. வெளியிலிருந்து வருவோர் அதில் பங்கு பெற்றால் இழப்பவர் மேல்சாதியினர் அல்லர், உள்ளூர் ஒடுக்கப்பட்டோரே. எனவே இது இரு நியாயங்களுக்கு இடையிலான சிக்கல் எனலாம்.

புனே வரலாறு இச்சிக்கலின் தோற்றத்தையும் உணர்த்துகிறது. 1932 செப்டம்பர் 24 அன்று எரவாடாச் சிறையில் உருவான பூனா ஒப்பந்தத்தில் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் கையொப்பமிட்டனர். அதன்படி கிடைத்த 148 இடங்களுள் சென்னை மாகாணத்திற்கு 30, சிந்து உள்ளிட்ட பம்பாய்க்கு 15 என வகுக்கப்பட்டன. மாகாண எல்லை கடந்து பேசிப் பெற்ற உரிமை, மாகாண எல்லைக்குள் பகுக்கப்பட்டது.

பாதுகாப்பும் வாய்ப்பும்

2023இல் பம்பாய் உயர் நீதிமன்ற முழு ஆயம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு, தாம் பட்டியலில் இடம்பெறாத மாநிலத்தில் வாழ்வோருக்கும் உண்டு எனத் தீர்ப்பளித்தது. இழிவு எல்லையில் நின்றுவிடுவதில்லை என்பதை இது ஏற்கிறது. அவ்வாறாயின், அவ்விழிவிற்கான ஈடு மட்டும் எல்லையில் நின்றுவிடுவது ஏன் என்னும் வினா எழுகிறது.

பட்டினப்பாலை, வேற்றுமொழியாளர் உள்ளூராருடன் கலந்து இனிது வாழ்ந்ததைப் புகாரின் சிறப்பாகக் கூறுகிறது. தங்க இடம் தருதல் வேறு. கலந்து வாழவிடுதல் வேறு. சிலப்பதிகாரத்தில் புகாரின் வணிகனாகிய கோவலன் மதுரைக்குள் நுழைவதற்குத் தடையில்லை. ஆனால் முறையான விசாரணை அவனுக்குக் கிட்டவில்லை. நுழைவுரிமை மட்டும் ஒருவரைக் குடியாக்குவதில்லை என்பதை இக்காப்பியத்தால் அறிய முடிகிறது.

முடிவுரை

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு நெறியாணை, உறுப்பு நாட்டுக் குடிமக்கள் குடும்பத்துடன் பிற உறுப்பு நாட்டில் உறையும் உரிமையை வகுத்தது. சட்டப்படி ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து உறைந்தால் அது நிலையான உரிமையாகிறது. உறைந்த காலம் உரிமையை முதிரச் செய்யும் என்னும் இக்கருத்து நமக்கும் ஏற்புடையது. அம்பேத்கர் அஞ்சியது வேரூன்றாதவரைக் குறித்தே. புனேவிலேயே பிறந்து பயின்ற குழந்தை அவ்வகையினதன்று. இடப்பெயர்வு அக்குழந்தையின் தேர்வுமன்று.

ஆகவே, பள்ளிக் கல்வி முழுவதையும் ஒரு மாநிலத்தில் முடித்தோருக்கு, உள்ளூர் ஒடுக்கப்பட்டோரின் பங்கு குறையாதவாறு கூடுதல் இடங்களை ஏற்படுத்துதல் இரு நியாயங்களையும் காக்கும் வழியாகும். இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டப்படலாம். எங்கும் உறையலாம் என்னும் உரிமை, ஒடுக்கப்பட்டோருக்கு மட்டும் ஓர் இழப்புடன் வருமாயின் அது அனைவருக்கும் பொதுவான உரிமையாகாது என்பதே இவ்வாய்வின் துணிபு.