அம்மன் காசு

மும்பை மாதுங்காவில் நாங்கள் குடியிருப்பது பகடி வீடு, முன்பணம் கொடுத்துக் குடியிருப்பு உரிமை பெற்ற வாடகை வீடு. மூன்று தலைமுறையாக வாடகை ரசீது வாங்குகிறோம். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்றதிலிருந்து மாடிப்படியில் ஒரே பேச்சு: இடம் யாருடையது?

எங்கள் பூஜை அலமாரியில் சுண்டுவிரல் நகமளவு செப்புக்காசு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. குங்குமம் ஏறி அம்மனின் முகம் மழுங்கிவிட்டது. பாட்டி புதுக்கோட்டைக்காரி. நவராத்திரியில் சமஸ்தானம் அரிசியோடு இந்த அம்மன் காசையும் தானமாகக் கொடுத்துவந்தது.

1738இல் திருவரங்குளம் காட்டில் மௌனியான சதாசிவ பிரம்மேந்திரர் மணலில் எழுதி உபதேசித்தார் என்றும், மன்னர் விஜயரகுநாதராயத் தொண்டைமான் அந்த மணலையே அள்ளிக்கொண்டுபோய் அரண்மனையில் வைத்துப் பூஜித்தார் என்றும் பாட்டி சொல்வாள். பின்வந்த மன்னர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் 'பிரகதாம்பாதாஸ்' என்று போட்டுக்கொண்டார்கள். நாடு திருக்கோகர்ணத்து அம்மனான பிரகதாம்பாளுடையது, தாங்கள் ஊழியக்காரர்கள் என்ற எண்ணம்.

அந்த எண்ணம் எப்போதும் காப்பாற்றப்பட்டது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அம்மனை விட்டு வெகுதூரத்தில், 1928இல், பாரிஸில் காலமானார். மூன்று வருஷத்தில் வரியை எதிர்த்து ஊரே கிளர்ந்தது.

1948 மார்ச் 3 அன்று ராஜகோபாலத் தொண்டைமான் சமஸ்தானத்தைச் சென்னை மாகாணத்தோடு இணைத்தார். சிறுவயதிலிருந்து என்னை உறுத்தும் கேள்வி இதுதான்: எஜமானியின் சொத்தை ஊழியக்காரன் எப்படி இன்னொருவருக்குக் கொடுக்கலாம்?

"கொடுத்தது சாவியைத்தானேடா, வீட்டையா?" என்பாள் பாட்டி. எனக்கு அது போதவில்லை. உழுது வரி கட்டியவனுக்கும் அந்த மண்ணில் பாத்தியதை உண்டு. அவனை யார் கேட்டார்கள்? ஆனால் அன்று சாயரட்சைக்கும் திருக்கோகர்ணத்துக் குடைவரைக் கோயிலில் விளக்கு ஏற்றியிருப்பார்களே! அம்மன் எதையும் இழக்கவில்லை. இழப்பவன் தனதென்று வைத்திருந்தவன் மட்டுமே என்றால், தாசன் என்ற சொல்லுக்கு உண்மையான சோதனை வாங்கும் நாளில் இல்லை, ஒப்படைக்கும் நாளில்தான் இருக்கிறது. தொண்டைமான் அதில் தேறினார் என்றே நினைக்கிறேன். நான் தேறுவேனா, தெரியாது. வீட்டை ஒப்படைக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது விரல் நடுங்கியது.

புதுக் கட்டடம் எழும்வரை செம்பூரில் வாடகைக்கு இருக்கப் போகிறோம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர். படங்களையெல்லாம் பழைய புடவையில் சுற்றிக் கட்டிவிட்டோம். காசுக்கு ஆணி வேண்டாம். ஒரு வெற்றிலை போதும்.